போனில் வந்த மாஸ்டர்

அன்றைக்குப் பந்தலுக்குப் பின்னால் அம்மா இருந்தாள், சித்தி இருந்தாள், உரித்த கிடாய் இரண்டும் மூன்று அண்டாக்களும் இருந்தன, ஒன்பது வயதில் நானும் இருந்தேன். அப்பா மட்டும் இல்லை. அப்பா இல்லாததால் மாஸ்டர் இல்லை. மாஸ்டர் இல்லாமல் அடுப்பைப் பற்ற வைக்க முடியாது என்று விசேஷ வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்குச் சமைக்க வருகிறவர் ஆணாக இருந்தால் மாஸ்டர். பெண்ணாக இருந்தால் சமையக்காரம்மா. அண்டா ஒன்றுதான், அடுப்புப் புகையும் ஒன்றுதான். ஆனால் மாஸ்டருக்குக் கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு. சமையக்காரம்மாவுக்கு ஆயிரத்தைத் தாண்டாது. அவளே "மாஸ்டர் கூட வந்த பொம்பளையாளு" என்று ஆகிவிட்டால் முந்நூற்று ஐம்பது.

அப்பா மாஸ்டரானது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவர் மீசையைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அம்மாவின் கறிக்குழம்பைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருவர் தேடி வந்தார். அப்பாவின் மீசையையும் தொப்பையையும் பார்த்துவிட்டு, "மாஸ்டர் நீங்கதானாண்ணே?" என்றார். அப்பா திருதிருவென்று உள்ளே பார்த்தார். "அவருதான், உக்காரச் சொல்லுங்க" என்றாள் அம்மா உள்ளிருந்தே. அதோடு சரி.

அப்பா காளவாசலில் ஒரு ஓட்டலில் இரவு சப்ளையராக இருந்தார். அவருக்குப் பரோட்டாவைப் பார்சல் கட்டத் தெரியும், போடத் தெரியாது. விசேஷ வீடுகளில் அவருடைய வேலை, வெள்ளை வேட்டி கட்டி, சூடம் காட்டி அடுப்பைப் பற்ற வைப்பது. பிறகு குழம்பைக் கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிக் கண்ணை மூடிக்கொள்வது. திறக்கும்போது அம்மாவைப் பார்ப்பார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகினால் உப்பு பத்தவில்லை என்று அர்த்தம். "ஏத்தா, ஒரு கை உப்புப் போடு. எம்புட்டுத் தடவ சொல்றது?" என்று அதட்டுவார். "சரிங்க மாஸ்டர்" என்பாள் அம்மா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அன்றைய விசேஷம் ஒரு காதுகுத்து. செக்கானூரணிப் பக்கம், நன்செய்யும் கிணறுமாக உள்ள ஒரு குடும்பத்தில். நன்றாக அமைந்தால் ஆவணியில் அவர்களுடைய பங்காளி வீட்டு விசேஷங்கள் நான்கும் நமக்குத்தான் என்று சித்தி சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் மூவரும் முந்தின நாளே போய்விட்டோம். அப்பா ஓட்டல் வேலை முடித்து முதல் பஸ்ஸில் வந்துவிட வேண்டும்.

விடிந்து, கறியும் வெட்டி முடிந்தது. அப்போதுதான் போன் அடித்தது. அம்மாவின் தோளை ஒட்டி நின்ற எனக்கும் அப்பா பேசுவது கேட்டது.

"ஏய், பஸ்ஸுல தூங்கிட்டேன். தேனியில நிக்கிறேன். கண்டக்டர் வையிறான்."

விசேஷ வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும் எதிரிலேயே நின்றிருந்தார்கள். அம்மா ஒரு கணம்தான் யோசித்திருப்பாள்.

"சரிங்க மாஸ்டர். எலும்ப மொதல்ல வேக விடணுமா? சரிங்க."

"எந்த எலும்ப?"

"பட்டை கிராம்பு அம்புட்டையும் ஒண்ணாப் போட்டுறவா? சரிங்க மாஸ்டர்."

"உனக்கென்ன, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிட்டது. அம்மா விடவில்லை. போனைக் காதில் வைத்தபடியே விசேஷ வீட்டுக்காரரிடம் திரும்பி, "மாஸ்டரு வர்றதுக்கு நேரமாகுமாம்ணே. போன்லயே சொல்றாராம். சூடத்த மட்டும் உங்க கையால காட்டச் சொல்றாரு" என்றாள். அவர் பயபக்தியோடு அடுப்புக்குச் சூடம் காட்டினார். காட்டிவிட்டு, அம்மா நீட்டிய போனுக்கும் ஒரு சுற்றுக் காட்டினார். சித்தி வெங்காயக் கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அம்மா உப்புப் போட்டாலும் போன், தூள் போட்டாலும் போன். யாராவது பந்தலுக்குப் பின்னால் வந்தால் உடனே "சரிங்க மாஸ்டர்" கிளம்பும். அந்த அக்கா மட்டும் ஒரு மணையை இழுத்துப் போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். கறி பாதி வெந்தபோது அம்மாவின் காதோரம் குனிந்து, "போன் அணைஞ்சு ரொம்ப நேரமாச்சுத்தா. கையி வலிக்கும், கீழ வையி" என்றார்.

அம்மாவின் முகம் வெளிறியது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு ஈரலை எடுத்து வாயில் போட்டார்.

பந்தியில் எலும்புக் குழம்பை இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டு வாங்கினார்கள். "போன்ல சொல்லியே இம்புட்டு ருசின்னா, நேர்ல வந்திருந்தா?" என்று ஒருவர் வியந்தார். "மாப்ள, ஆவணிக்கு இந்த மாஸ்டர விட்டுறாத" என்றார் இன்னொருவர்.

கடைசியில் விசேஷ வீட்டுக்காரர் கூலியோடு வந்தார். அம்மாவுக்கு முந்நூற்று ஐம்பது, சித்திக்கு முந்நூற்று ஐம்பது. "மாஸ்டரு வரலையே தாயி. வராத ஆளுக்கு எப்படிக் கூலி குடுக்குறது? நாளைக்குப் பங்காளி கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. தூக்குவாளி நிறையக் கறியும், மாஸ்டருக்கென்று எடுத்து வைத்திருந்த வேட்டி துண்டும் கொடுத்தார்.

"தம்பி, இந்தப் பிள்ளதான்…" என்று ஆரம்பித்தார் அவருடைய அக்கா.

அம்மா சட்டென்று அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடுங்கக்கா. அண்ணே சொல்றது நியாயந்தான்."

திரும்பும் பஸ்ஸில் சித்தி பொரிந்து தள்ளினாள். "வாயத் தெறந்து ஒரு வார்த்த சொன்னா என்னக்கா?"

"சொன்னா மாஸ்டரு செத்துப் போவாருடி" என்றாள் அம்மா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

மாஸ்டர் என்றால் எனக்கு அப்பாதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் ஓடினேன். அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போதும் தூங்கி, செக்கானூரணியைத் தாண்டி, ஆரப்பாளையத்திலேயே கண் விழித்திருக்கிறார். நான் அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. தூக்குவாளியைத் திறந்து ஒரு வாய் தின்றவர், அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல், "யாரு வச்ச குழம்பு? நல்லாருக்கே" என்றார்.

"மாஸ்டரு வச்சது" என்றாள் அம்மா. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் டீச்சர் வீட்டைப் பற்றிக் கேட்டபோது எழுந்து நின்று, "அப்பா சமையல் மாஸ்டர் டீச்சர், அம்மா வீட்ல சும்மா இருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னேன். காலையில் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு பையில் இருந்தது.

ஆவணியில் பங்காளி வீடுகள் நான்கும் போனில் சமைத்த மாஸ்டரைத் தேடி வந்தன. அப்பா முந்தின இரவு ஓட்டலுக்கு லீவு போட்டுவிட்டு, தூங்கி எழுந்து, வேட்டி கட்டிப் போனார். அந்த மாஸ்டரைச் சாகவிடாமல் காப்பாற்ற அம்மா கொடுத்தது, வராத கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு, அப்பா தேனிக்குப் போய்வந்த டிக்கெட் எண்பது. ஆக இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பது ரூபாய்.