பாதி வெள்ளையடித்த சுவர்

டிசம்பர் இருபத்துநாலாம் தேதி, காலை ஆறு மணி இருபது நிமிடம். ஆவூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டு வாசலில் நின்றேன். முதலில் கண்ணில் பட்டது சுவர். வாசலுக்கு இடது பக்கம் வெள்ளை. வலது பக்கம் போன வருஷத்துப் பழுப்பு. நடுவில் சுண்ணாம்பு வாளி. அதற்குள் நார் மட்டை காய்ந்துபோய் நட்டுக்கொண்டு நின்றது.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெள்ளையடிக்காத வீடு கிடையாது. புதுத்துணி எடுக்காதவர்கள் உண்டு. கறி எடுக்காதவர்களும் உண்டு. சுண்ணாம்பு மட்டும் எப்படியாவது வந்துவிடும். அதிலும் பாதி அடித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் யார்?

திருச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தேன். சட்டைப் பையில் ஆபீஸில் கொடுத்த போனஸ் தொண்ணூறு ரூபாய். அதை அண்ணன் கையில் கொடுத்து, “வயலை மீட்க வச்சுக்கங்க” என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மதினி உள்ளேயிருந்து வந்தார். பெயர் பிலோமினா. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எனக்குச் சோறு போடுகிறவர்.

“வாங்க தம்பி” என்றார். அவ்வளவுதான்.

சுவர் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“யாரு வீட்டுக்கோ நான் எதுக்குத் தம்பி வெள்ளையடிக்கணும்?”

வாரம் தவறாமல் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு எங்கள் வீட்டுக் கதையில் கொஞ்சம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு இரண்டு கடன். ஒன்று வயல் பேரில். என் காலேஜ் படிப்புக்காக அப்பா எழுநூறு ரூபாய்க்கு வயலை ஒத்தி வைத்தார். பக்கத்து ஊர் வெள்ளைச்சாமி வாங்கிக்கொண்டார். ஒத்திக்கு வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் வயலை உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார். எழுநூறையும் திருப்பிக் கொடுக்கிற அன்று வயல் திரும்பி வரும்.

இன்னொன்று வீட்டின் பேரில். அப்பா படுக்கையில் விழுந்தபோது, வைத்தியச் செலவுக்கு வீட்டை எண்ணூறு ரூபாய்க்கு அடமானம் வைத்தோம். கொடுத்தவர் குளத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். ஆக மாதம் எட்டு ரூபாய். அப்பா பிழைக்கவில்லை. கடன் மட்டும் பிழைத்துக்கொண்டது.

அண்ணன் சூசை எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இரண்டு பெண் குழந்தைகள். வாத்தியார் சம்பளம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் வீட்டு வட்டிக்கென்று நான் மாதம் பத்து ரூபாய் மணியார்டர் செய்துவந்தேன். கூப்பனில் ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் எழுதுவேன் — ‘வீட்டு வட்டிக்கு’.

மூன்று வருஷம் அனுப்பினேன். முந்நூற்று அறுபது ரூபாய்.

அதில் ஒரு ரூபாய்கூடக் குளத்தூர் போகவில்லை.

மதினி ஒரு தாளை என்னிடம் நீட்டினார். குளத்தூரிலிருந்து ரிஜிஸ்தர் தபாலில் வந்த நோட்டீஸ். மூன்று வருஷ வட்டி பாக்கி இருநூற்று எண்பத்தெட்டு ரூபாயையும், அசலில் பாதி நானூறையும் டிசம்பர் முடிவதற்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கோர்ட்டில் பிராது. வக்கீல் பாஷையில் இருந்தது. வீடு ஏலத்துக்குப் போகும் என்பது அதன் சாரம்.

வந்தது அக்டோபரில். அண்ணன் படித்துவிட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். வெறும் வட்டி ஞாபகக் கடிதம் என்று மதினியிடம் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் மெழுகுவத்திக்குச் சில்லறை தேடியபோது மதினியின் கையில் அகப்பட்டது. வெள்ளையடிப்பு அந்த இடத்தில் நின்றது.

பெட்டியில் அந்த நோட்டீஸுக்கு மேலே இன்னொரு பத்திரமும் இருந்தது. வயலின் ஒத்திப் பத்திரம். முதுகில் வெள்ளைச்சாமியின் கைநாட்டு. ‘ரூபாய் எழுநூறும் பற்றிக்கொண்டேன்.’ தேதி டிசம்பர் இருபத்துமூன்று.

அண்ணன் முந்தின நாள் காலையில்தான் வயலை மீட்டிருந்தார்.

என் முந்நூற்று அறுபதோடு அவருடைய முந்நூற்று நாற்பது. நாலு கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுக்காமல், ஒரு ஆட்டையும் விற்றுச் சேர்த்தது. பெண்கள் இரண்டு பேரும் மடிப்புப் பிரித்து நீளமாக்கிய பழைய பாவாடையைத்தான் வருஷா வருஷம் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வட்டியில்லாத கடனை அடைத்திருக்கிறார். வட்டி ஓடுகிற கடனை விட்டுவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. இந்த வருஷம் மழை இல்லை. கண்மாயில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. வயலில் யாரும் நாற்றே நடவில்லை. வெள்ளைச்சாமிக்கு அந்த எழுநூறு ரூபாயால் இந்த வருஷம் ஒரு மரக்கால் நெல்கூட வந்திருக்காது. விளையாத வயலை மீட்க இவ்வளவு அவசரம் எதற்கு?

விளையாததால்தான் அவசரம். எங்கள் பக்கத்தில் பயிர் நிற்கிற வயலை ஒத்தியிலிருந்து மீட்க மாட்டார்கள். அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும்போதுதான் பணத்தைக் கொண்டுபோக வேண்டும். மற்ற வருஷங்களில் மார்கழியில் பயிர் நிற்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வயல் வெறுமையாகக் கிடப்பது அபூர்வம். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவர் கொல்லைப் பக்கம் கல்லில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் வேலைக்கு வந்து பதினாலு வருஷம். அவரிடம் கணக்கு கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தும் கேட்டேன்.

“கணக்கு எனக்குத் தெரியாதாப்பா? அஞ்சாம் வகுப்புக்குத் தனிவட்டி நடத்துறவன் நான்தான்” என்றார். “கொளத்தூருப் பத்திரம் அவரு பெட்டிக்குள்ள கெடக்கு. அது யாரு கண்ணுல படுது? வயலு அப்படியில்ல. கோயிலுக்குப் போற பாதையில கெடக்கு” என்றார்.

எங்கள் ஊரிலிருந்து ஆவூர்க் கோயிலுக்கு இரண்டு மைல் நடை. கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைக்குத் தெருவே ஒன்றாகக் கிளம்பும். பாதி வழியில், பாதையை ஒட்டி எங்கள் வயல். ஆறு வருஷமாக அண்ணன் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு, வெள்ளைச்சாமியின் பயிரைக் கடந்து போயிருக்கிறார். ஊர் பார்த்துக்கொண்டே கூட நடந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. பத்து ரூபாயை நான் ஒரு அறையில் மூன்று பேரோடு படுத்து மிச்சம் பிடித்தவன். கூப்பனில் என்ன எழுதினேன் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. போன கிறிஸ்துமஸ் அன்று அதே பாதையில், அதே இடத்தில், தெருக்காரர்கள் ஐந்தாறு பேர் இருக்கும்போது ஒருவன் அண்ணனைப் பார்த்து, “ஏண்ணே, நம்ம வயலு நம்ம கைக்கு எப்பத்தான் வரும்?” என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் நடந்தார்.

கேட்டவன் நான்.

வாயை மூடிக்கொண்டேன்.

மதினி வந்து நின்றார். அழவில்லை. ஒரே வழிதான் இருக்கிறது, வெள்ளைச்சாமியிடம் போய் வயலை மறுபடி ஒத்திக்கு எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்றார். கிறிஸ்துமஸ் லீவு என்பதால், வயலை மீட்டதை இன்னும் ரிஜிஸ்தர் ஆபீஸில் பதியவில்லை. கைநாட்டு வரியை அடித்துவிட்டால் பழைய பத்திரம் பழையபடி நிற்கும். இதையெல்லாம் இரவு முழுக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது.

அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“நாளைக்கு ஒரு நாளு நடந்துட்டு வந்துர்றேன். அப்பறம் குடுத்துரலாம்.”

மதினி சரியென்று தலையை ஆட்டினார்.

ஆனால் வெள்ளைச்சாமி ஒப்புக்கொள்ள வேண்டுமே? அவர் மாட்டேன் என்றால் வீடு போய்விடும். அன்று காலையிலேயே நான் மட்டும் போனேன். மாட்டுக்கொட்டிலில் முளை அடித்துக்கொண்டிருந்தார். எழுநூறு ரூபாய் கைக்கு வந்துவிட்டது, சந்தையில் ஒரு ஜோடிக் காளை பிடிக்கப் போகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

“ஏங்க, வெறும் வயலை வச்சுக்கிட்டு நான் என்னங்க செய்யிறது? வெடிப்புல எலி புடிக்கவா?” என்றார்.

அவர் சொன்னது சரி.

பாதி அடித்த முளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தண்ணியில்லாத வருசத்துல காளைக்கு மட்டும் வைக்கோலு எங்கிட்டு இருந்து வரப்போகுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் என்னிடம், “வாத்தியாரை நாளக்கழிச்சு வரச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. மூணு வருசத்துக்கு வயலைப் பத்திப் பேசக் கூடாது. நான் மனசு தேத்திக்கிட்டு மறுபடி மறுபடி குடுக்க முடியாது” என்றார்.

மூன்று வருஷம். நான் ஒப்புக்கொண்டேன்.

திரும்பி வந்து சொன்னேன். மதினி எழுந்து வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். பதினோரு மணிக்கு மீதிச் சுவரையும் அடித்து முடித்தார்.

மறுநாள் காலை எல்லோரும் பூசைக்குக் கிளம்பினோம். வயலை மீட்ட செய்தி அதற்குள் தெருவுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் அது திரும்பப் போகிற செய்தி தெரிந்திருக்கவில்லை. “வயலு திரும்பிருச்சாமே வாத்தியாரே” என்று ஒருவர் கேட்டார். “ஆமா” என்றார் அண்ணன். வயலுக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு பேர் கேட்டார்கள். நாலு பேருக்கும் “ஆமா”.

வயல் வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பாதையை விட்டு இறங்கி, வயலின் குறுக்கே நடந்தார். பெண்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினார்கள். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சின்னவள் ஒவ்வொரு வெடிப்பாகத் தாண்டித் தாண்டிப் போனாள். நானும் மதினியும் பாதையிலேயே நடந்தோம். அந்தக் கோடியில் அவர் ஏறி வந்தபோது வேட்டி ஓரத்தில் புழுதி. தட்டிவிட்டுக்கொள்ளவில்லை. பூசை முடிகிற வரைக்கும் அப்படியேதான் இருந்தது.

இருபத்தாறாம் தேதி காலை ஏழரை மணிக்கு வெள்ளைச்சாமி வீடு. நோட்டுகள் அண்ணன் கொடுத்தபடியே, அதே துணி முடிச்சில் இருந்தன. பத்திரத்தின் முதுகில் இருந்த வரியை அண்ணன் ரூல் தடி வைத்து நேராக அடித்தார். கீழே தேதி போட்டார். வெள்ளைச்சாமி கைநாட்டு வைத்தார்.

மதினியும் நானும் அங்கிருந்தே குளத்தூர் போனோம். எழுநூறும் என் தொண்ணூறும் சேர்த்து எழுநூற்றுத் தொண்ணூறு. நோட்டீஸில் கேட்டது அறுநூற்று எண்பத்தெட்டு. அதைக் கட்டியபின் நூற்று இரண்டு மிச்சம். மதினி அதில் நூறையும் எடுத்து வைத்தார். கடைக்காரர் முகம் மலர்ந்து, வரப்போகிற வருஷங்களின் வட்டியில் முன்பணமாக வரவு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

“வட்டிக்கு வேண்டாங்க. அசலுல எழுதுங்க” என்றார் மதினி.

எழுதுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். எழுதியதை என்னிடம் கொடுத்து, ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அவருக்கே நன்றாக வாசிக்கத் தெரியும். அசல் முந்நூறாகிவிட்டது. மாதம் எட்டு ரூபாயாக இருந்த வட்டி மூன்று ரூபாய். மிச்சம் இரண்டு ரூபாய் பஸ் சார்ஜுக்கு.

திருச்சிக்குத் திரும்பும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். நாம் எல்லோருமே இப்படித்தானோ? வளர்கிற கடனை விட்டுவிட்டு, நாலு பேர் கண்ணில் படுகிற கடனைத்தானே முதலில் அடைக்கிறோம்? அண்ணனுக்குத் தனிவட்டி தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதற்கு நூற்றுக்கு எத்தனை ரூபாய் என்று எந்த வகுப்பில் நடத்துகிறார்கள்?

இந்த மாதமும் மணியார்டர் அனுப்பினேன். கூப்பனில் ‘வீட்டு அசலுக்கு’ என்று எழுதி, மதினி பெயருக்கு அனுப்பினேன்.

ஒத்திப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் இல்லை. வெள்ளைச்சாமி வீட்டில் இருக்கிறது. அதன் முதுகில் அடித்த வரி ஒன்றும், இரண்டு தேதிகளும் இருக்கின்றன. டிசம்பர் இருபத்துமூன்று. டிசம்பர் இருபத்தாறு.