போகாத ஓடையில் எடுத்த அளவுகள்

நான் பொய் சொன்னேன். நாற்பது ஆசிரியர்கள் முன்னிலையில், உண்மையை மட்டுமே எழுதிய ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக்கினேன். ஆறு ஆண்டுகளாக அந்தப் பொய்யை வைத்துத்தான் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உடனே உச்சுக் கொட்டாதீர்கள்! உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம். மன்னிப்புக் கேட்டும் வரவில்லை. மன்னிக்க நீங்கள் யார்?

சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் முகாம். அங்கேயே தங்கி, ஓடையிலும் காட்டோரத்திலும் சுற்றுச்சூழல் அறிவியல் கற்க வேண்டும். நான் ராசிபுரம் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வேதியியலில் முதுகலைப் பட்டம். அந்தப் பட்டத்தை நெற்றியில் ஒட்டாத குறையாகத்தான் போய் இறங்கினேன்.

இணையாக எனக்கு வாய்த்தவர் ஜெரினா டீச்சர். சேலத்துக்காரர். ஊருக்கு வெளியே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. அறிவியல் பட்டம் கிடையாது, பள்ளியில் ஆய்வகமும் கிடையாது. ஆனாலும் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. முகாமின் முடிவில் ஒருவரைக் கருத்தாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்தான் அடுத்தடுத்த முகாம்களை நடத்துவார். "எனக்குக் கிடைச்சா நல்லா இருக்குங்க சார். எங்களை மாதிரி சின்னப் பள்ளிக்கூடத்து டீச்சருங்களுக்கு யாருங்க சொல்லித் தராங்க?" என்றார் முதல் நாளே, ஒளிவுமறைவில்லாமல்.

எனக்கும் அந்த இடம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதையும் மறைப்பானேன்? முதல் நாள் ஓடைக்கரையில் நின்று, நீர்ப்பூச்சிகளைப் பற்றி நான் வாய் கிழிய விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்குத் தண்ணீரில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டினார். "சார், நீங்க சொல்றது இங்க அடியில ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க!" அவ்வளவுதான்... அத்தனை தலைகளும் என்னை விட்டுவிட்டு அந்தக் கல்லின் மேல் கவிழ்ந்தன. பூச்சி அளவு கூட இல்லாத விஷயம். எனக்குள் பற்றி எரிந்தது!

எங்களுக்குத் தரப்பட்ட வேலை இதுதான். ஓடையில் ஒரு மடு. அதன் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று விடியலிலும் நண்பகலிலும் மாலையிலும் மூன்று நாள் அளக்க வேண்டும். சோதனைப் பெட்டியில் இருக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். ஆளுக்கு ஒரு தாள், அதில் அளவுகளைக் குறித்துக் கோடாக வரைய வேண்டும். தனித்தனியே அளந்து, கடைசியில் ஒப்பிட வேண்டும்.

அடிவாரத்துக் குளிர் உங்களுக்குத் தெரியுமா? முதல் விடியலில் அறைச் சன்னல் வழியே பார்த்தேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெரினா டீச்சர் தனியாக நடந்து போனார். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மூன்று விடியலும் அப்படியே.

அளவுகள்? எழுதினேன்! எங்களுக்கா தெரியாது? செய்முறைத் தேர்வு வந்தால் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருந்துகிற அளவுகளைப் பின்னால் நிரப்பச் சொல்லித் தருவது நாங்கள்தானே! உங்கள் ரெக்கார்டு நோட்டை நினைத்துப் பாருங்கள். ஓர் அளவாவது நீங்கள் எடுத்ததா? முறைக்காதீர்கள்... நீங்களும் என் மாணவர்தான்.

குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும். புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே விடியலில் மிக அதிகம் என்று எழுதினேன். கட்டிலில் உட்கார்ந்தபடி.

கடைசி நாள் இரண்டு தாள்களையும் சுவரில் ஒட்டினார்கள். என் கோடு வழவழவென்று மேலிருந்து கீழே இறங்கியது. அவருடைய கோடு விடியலில் தரையோடு தரையாகக் கிடந்தது. ஒருங்கிணைப்பாளர் நிர்வாகத்துக்காரர், அறிவியல் தெரியாது. அது தெரிந்த நிபுணர் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

"ஏனுங்க சார், ஒரே தண்ணிதானுங்களே? டீச்சர் காலையில ஒழுங்கா வந்து அளந்தாங்களா?"

என்னைத்தான் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம்...

"நான் மூணு நாளும் போனனுங்க. அவங்களை அங்க பார்க்கலீங்க," என்றேன்.

ஜெரினா டீச்சர் எழுந்தார். "சார்! நீங்கதானுங்களே வரல..." பின்வரிசையிலிருந்து ஒருவர், "குளுருக்குப் படுத்துத் தூங்கிட்டீங்களாட்டம் இருக்குது, உடுங்க டீச்சர்," என்றார். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கருத்தாளர் இடம் எனக்குக் கிடைத்தது.

இத்தோடு முடிந்தது என்றா நினைத்தீர்கள்?

சுவரில் அவர் விட்டுப்போன தாளை நான்தான் எடுத்துவந்தேன். ஏன் என்று தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன்: பாசி நிறைந்த மடுவில் வெயில் இல்லாதபோது ஆக்சிஜன் உண்டாகாது, உள்ளதையும் உயிர்கள் சுவாசித்துத் தீர்த்துவிடும், விடியலில்தான் மிகக் குறைவு. அவர் அளந்தது அத்தனையும் சரி!

வெட்கப்பட்டேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். இல்லை. அவர் பெயரை வெட்டிவிட்டு அந்தத் தாளைப் படமெடுத்து, நான் அளந்ததாக ஒவ்வொரு முகாமிலும் திரையில் காட்டினேன். "கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்" என்று முழங்கினேன். கைதட்டினார்கள்.

போன மாத முகாமுக்குப் பயிற்சி பெற வந்தவர்களில் ஜெரினா டீச்சரும் ஒருவர். முதல் முறையாக அந்தப் படத்தைக் காட்டாமல் விட்டேன். பயம்தான்... வேறென்ன?

முகாம் அதே அடிவாரத்தில்தான். அவருக்கு மறுபடி அதே மடு வந்தது. மூன்று விடியலும் நான் ஓடைக்கரையில் போய் நின்றேன். அவர் வந்தால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேனா, அவர் வருகிறாரா என்று பார்க்க நினைத்தேனா... இன்றும் புரியவில்லை. அவர் வரவேயில்லை.

கடைசி நாள் தாளை நீட்டினார். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. கோடு, அன்று நான் போட்டதைப் போலவே, வழவழவென்று கீழே இறங்கியது.

"டீச்சர்... காலையில நீங்க ஓடைக்கு வரலீங்களே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை.

"எதுக்குங்க சார்? பொஸ்தகத்துல இருக்கறதை எழுதிட்டேன். எங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கும் இப்ப அப்படித்தாங்க சொல்லித் தரேன். நேர்ல போய் அளந்து எழுதி, நாலு பேரு முன்னாடி அதுங்க அவமானப்பட வேண்டாம் பாருங்க."

அப்போதாவது வாயைத் திறந்தேனா? "அன்று நீங்கள் எழுதியதுதான் சரி" என்று நான்கே சொற்கள்! பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. எல்லோர் காதிலும் விழும்.

தாளின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.