பரிதியை எங்கே நிறுத்துவது

என் தம்பி பரிதி ஆறடி நாலங்குலம். இதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை, அப்பாவும் அதே உயரம்தான். ஆனால் உயரமானவனைக் கண்டால் நம் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் மேலே இருக்கிற பையை எடுத்துக் கொடு தம்பி என்பார்கள். கல்யாண வீட்டில் சீரியல் பல்பை மாட்டிவிடு என்பார்கள். கூடைப்பந்து சொல்லித் தருகிறவர் கண்ணில் பட்டால் போய் ரிங்குக்குக் கீழே நில்லு என்பார். அந்த ஒரு வார்த்தையால் எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து உள்ளே போகும் மினி பஸ் கடைசியாகத் திரும்புகிற இடம். அப்பா சாமிதுரை, நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். அங்கே சாக்குப் பிடிப்பவர், தைப்பவர், எடை மெஷின் பக்கம் நிற்பவர் என்று பல பேர் உண்டு. அப்பாவுக்கு மட்டும் எந்த வருஷமும் மூட்டைகளை அடுக்குகிற அட்டிதான். அடுக்கு ஆள் உயரத்தைத் தாண்டியதும் ‘சாமிதுரையக் கூப்பிடு’ என்று சத்தம் கேட்கும். குத்தகைக்கு எடுத்த நிலத்தை அம்மா தங்கம்மாள் பார்த்துக்கொள்கிறாள். நான் கனிமொழி, கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. கர்ப்பிணிகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சொல்லியே தொண்டை காய்ந்து வீடு திரும்புகிறவள்.

ஊரில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் பஞ்சாயத்து ஒரு கூடைப்பந்துத் தளம் போட்டுக் கொடுத்தது. அப்படி ஒரு சிமென்ட் தரையைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாருக்காவது விளையாட்டா தோன்றும்? ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை வாங்க மாட்டார்கள். ஆகவே குறுவை அறுத்தாலும் சம்பா அறுத்தாலும் நெல் அங்கேதான் காய்ந்தது. பையன்கள் மிச்சமிருந்த ஓரத்தில் விளையாடினார்கள். பந்து நெல்லுக்குள் போனால், காலால் நெல்லை அளைந்துகொண்டிருக்கும் பெண்கள் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். இதில் எங்கள் அம்மாதான் முதல் ஆள். அவளுக்குப் பயந்தே பரிதி பந்தை முழங்காலுக்கு மேலே எழும்பவிடாமல் தட்டக் கற்றுக்கொண்டான். எல்லார் தலைக்கும் மேலே அவன் தலை தெரிந்ததால் யார் எங்கே நிற்கிறான் என்பதும் அவனுக்குத்தான் தெரியும். நீ அந்தப் பக்கம் போ, நீ இங்கே வா என்று அவன் கை காட்டுவான், மற்றவர்கள் ஓடுவார்கள்.

அந்த வேலைக்கு ஆட்டத்தில் கார்டு என்று பெயராம். ரிங்குக்குக் கீழே நின்று, இடி வாங்கி, தப்பி வருகிற பந்தைப் பிடித்து கார்டிடம் கொடுப்பவன் போஸ்ட். இதெல்லாம் எனக்கு எதற்கு என்று இருந்தவளுக்கு இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வரும்.

பள்ளிக்கூடம் முடித்ததும் தஞ்சாவூரில் ஒரு பெரிய காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசம். அங்கே விளையாட்டுக்குப் பொறுப்பான பி.டி. தியாகராசன் சார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். அவர் அணியில் சேரன் என்று ஒரு டவுன் பையன் கார்டு. நல்ல ஆட்டக்காரன், பரிதியே சொல்வான். பரிதி ரிங்குக்குக் கீழே போய் நின்றான். கார்டாக ஆடவா என்று சாரிடம் போய்க் கேட்டுப் பார்த்தான்.

“ஏண்டா, இந்த ஒயரத்த வச்சுக்கிட்டு அங்க நின்னு என்ன பண்ணப் போற? கீழ நில்லு. அது போதும்.”

சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போதெல்லாம் உதடு வீங்கியிருக்கும், இல்லாவிட்டால் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு வருவான். ஒரு போட்டியில் பந்தைப் பிடித்தவன் சேரனிடம் கொடுக்கவில்லை. தானே தட்டிக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் போய்ப் போட்டுவிட்டான். பந்து ரிங்குக்குள் விழுந்தது. சார் அவனை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார், அந்த ஆட்டம் முழுக்கவும் அதற்கு அடுத்த ஆட்டம் முழுக்கவும்.

முதல் வருஷப் பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, டி.சி. வாங்கப் போகிறேன் என்றான்.

அப்பா அப்போதுதான் வேலை முடிந்து கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். “சோறு போட்டு, ரூம் குடுத்து, படிக்கவும் வைக்கிறாங்க. நிக்கிற எடம் புடிக்கலன்னு வர்றியா?” என்றார். அவர் நினைப்பு முழுக்க ஒரு சர்டிஃபிகேட்டில் இருந்தது. யுனிவர்சிட்டி அணியில் ஆடிவிட்டால் அதைக் காட்டி ரயில்வே, போலீஸ் என்று முயற்சி பண்ணலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பரிதி விண்ணப்பம் எழுத உட்கார்ந்தான். அன்றைக்கு அப்பா அவனோடு பேச்சை நிறுத்தினார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார். நான் அவனிடம் சொல்வேன். அவன் பதிலை என்னிடம் சொல்வான். ஒரே கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். நான் போஸ்ட்மேன் வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்.

டி.சி. வாங்க நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஆபீசில் நாளைக்கு வாங்க என்றார்கள். நாளைக்குப் போனால் சார் கேம்ப் போயிருக்கிறார் என்றார்கள். வெயிலில் பஸ் ஏறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பி வந்தோம். எனக்கு வந்த எரிச்சலில் இவனையே நாலு அறை விடலாம் போலிருந்தது. கடைசியில் சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோபமாகக்கூட இல்லை. “எங்க போனாலும் உன்னக் கீழதாண்டா நிறுத்துவாங்க” என்றார்.

சென்னையில் ஒரு காலேஜில் கூப்பிட்டார்கள், கோயம்புத்தூரிலும் ஒன்றில் விசாரித்தார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை.

“அறுப்பு நேரத்துல திடீர்னு மழ வந்தா நெல்ல வாரி மூட ஆளு வேணுமா வேணாமா? பஸ்சுல போயிட்டு வர்ற தூரத்துல எங்க வேணா சேரு” என்றாள்.

எந்த பஸ் எங்கே நிற்கும், எங்கே மாற வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கும்பகோணம் பக்கத்தில் ஒரு காலேஜைப் பிடித்தோம். அங்கே முதல் வருஷத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். சரி என்றான். படித்த ஒரு வருஷம் அப்படியே வீணாய்ப் போனது.

அங்கே பி.டி. பர்வின் மேடம். அணி சின்னது. பந்துகளில் பாதிக்குக் காற்று நிற்காது. மேடம் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எங்க ஆடுவ?” என்று மட்டும் கேட்டாராம்.

“கார்டு, மேடம்.”

“சரி, ஆடு.”

இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காலையில் என்னோடு அதே பஸ்ஸில்தான் வருவான். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, குனிந்து ஜன்னல் வழியாக என்னிடம் நேற்று யாருக்கு எப்படிப் பந்து கொடுத்தேன் என்று கதை சொல்வான். எனக்குப் பாதி புரியாது. அவன் நன்றாக இருக்கிறான் என்பது புரிந்தது. பெயரே தெரியாத அந்தக் காலேஜ் அந்த வருஷம் காலேஜ்களுக்குள் நடந்த போட்டியில் அரையிறுதி வரைக்கும் போய், பழைய காலேஜிடம்தான் தோற்றது. யுனிவர்சிட்டி அணிக்குப் பரிதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மா கேசரி கிண்டினாள். அப்பாவும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார், வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும்.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பரிதி என்னிடம் வந்து நின்றான். யுனிவர்சிட்டி அணிக்கு ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு காலேஜ் பி.டி.தான் கோச்சாம். இந்த வருஷம் யார் என்று சொன்னான். தியாகராசன் சார்.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. டி.சி.க்கு அலைந்து, ஒரு வருஷத்தைத் தொலைத்து, ஹாஸ்டல் சோற்றை விட்டு, அப்பாவின் பேச்சையும் இழந்து மாறியது காலேஜ் மட்டும்தான். யுனிவர்சிட்டி அதே யுனிவர்சிட்டி. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய காலேஜ் எல்லாம் அந்த ஒன்றுக்குக் கீழேதான். பஸ் ரூட்டைப் பார்த்தோம், நெல்லை யார் வாருவது என்று பார்த்தோம், இது மட்டும் வீட்டில் ஒருத்தர் மண்டைக்கும் எட்டவில்லை. படித்தவள் என்று நான் வேறு கூடவே இருந்தேன்.

“சார் பாத்தாரா ஒன்ன?”

“பாத்தாரு. வாடா, கீழ நில்லுன்னாரு.” கொஞ்ச நேரம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். “அந்த டீமுக்குப் போவட்டுமாக்கா?”

“போ. சர்டிஃபிகேட் வேணும்ல.”

அவன் சண்டை போடுவான் என்று நினைத்தேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஏறினான். அவ்வளவு களைத்துப்போய் அவனை நான் பார்த்ததே இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

யுனிவர்சிட்டிகளுக்குள் நடக்கும் போட்டி அந்த வருஷம் தஞ்சாவூரிலேயே நடந்தது. நானும் அப்பாவும் போனோம். அப்பாவாக வரவில்லை, அம்மா விரட்டி அனுப்பினாள். பரிதி ஆடி அவர் பார்த்ததே கிடையாது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கேலரியில் மேல் படியில், கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரில் சென்னை அணி. ஆரம்பத்திலிருந்தே நமக்கு அடிதான். இங்கேயும் சேரன்தான் கார்டு, பரிதி ரிங்குக்குக் கீழே நின்றான். இரண்டு பக்கமும் இரண்டு தடியன்கள் அவன் மேல் சாய்ந்து, முழங்கையால் குத்தி, தள்ளி, மிதித்தார்கள். விழுந்தான், எழுந்தான், பந்தைப் பிடித்தான், சேரனிடம் கொடுத்தான். மறுபடியும் அதேதான்.

“ஏம்மா, எல்லாரும் இவனையே இடிக்கிறாங்க?” என்றார் அப்பா.

“அந்த எடம் அப்படிப்பா.”

அப்பா கழுத்தைத் தடவிக்கொண்டார்.

கடைசிப் பகுதி வருவதற்குள் தோல்வி உறுதியாகிவிட்டது. கூட்டம் எழுந்து போக ஆரம்பித்தது. ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சேரன் ஐந்தாவது ஃபவுலும் வாங்கியதால் விதிப்படி வெளியே போனான். இன்னொரு கார்டு கணுக்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தியாகராசன் சார் பெஞ்சைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பரிதியைப் பார்த்துக் கையை உதறினார். “நீயே கொண்டு போடா. இனிமே என்ன இருக்கு.”

பரிதி ஒரு நிமிஷம் புரியாமல் நின்றான். அப்புறம் பந்தை வாங்கினான்.

அவ்வளவு நேரம் ஆடிய ஆள் இவன்தானா என்று இருந்தது. அவசரமே இல்லாமல் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். இடது கையால் ஒருவனை ஓரத்துக்கு அனுப்பினான், தலையை ஆட்டி இன்னொருவனைக் கீழே போகச் சொன்னான். அவர்கள் போய்ச் சேரும்போது பந்தும் போய்ச் சேர்ந்தது. ஒன்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. நாற்காலி அடுக்கியவர்கள் நின்று பார்த்தார்கள். நான் வாய்விட்டுக் கத்தினேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

“கனி, கைய கைய காட்டுறானே, என்னா அது?”

“யாரு எங்க போவணும்னு சொல்றாம்ப்பா.”

“இவன் சொன்னா அவங்க போறாங்களா?”

“பாருங்க. போறாங்கல்ல.”

அப்பா பார்த்தார். பரிதி விரலை நீட்டினான், வெள்ளைக்காரன் மாதிரி சிவப்பாக இருந்த ஒரு டவுன் பையன் அந்தப் பக்கம் ஓடினான். அப்பா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். விசில் ஊதியபோது நாங்கள் தோற்றுத்தான் இருந்தோம்.

“இதுக்கா காலேஜ மாத்துனான்?” என்றார்.

“ஆமாம்ப்பா.”

“நிக்கிற எடம் புடிக்கலன்னு நெனச்சேன். எல்லாருக்கும் சொல்ற எடம்னு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலியே.”

சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர் எழுந்துவிட்டார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு படிகளில் இறங்கினார். கீழே பரிதி பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அப்பா தன்னிடம்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்தான். அப்பா அவனைத் தாண்டிப் போய், பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்த தியாகராசன் சார் முன்னால் நின்றார். கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் முன்னால்கூட வாய் திறக்காத மனுஷன்.

“சார், நான் பரிதியோட அப்பா” என்றார். சார் அண்ணாந்து பார்த்தார். “அவன இனிமே அங்கயே நிறுத்துங்க சார். கடைசியா நின்னான்ல, அங்க.”

சார் கொஞ்சம் தடுமாறினார். “பாப்போங்க” என்றார். ஆபீசுகளில் சொல்கிற பாப்போங்கதான், எனக்கு அதன் அர்த்தம் தெரியும். பரிதிக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்ததா தெரியவில்லை. அவர் திரும்பி வந்து, ஒரு வருஷத்துக்கு மேல் பேசாத மகனின் தோளில் கை வைத்தார்.

“கேட்டுட்டேன்டா” என்றார்.

பரிதி ஒற்றைக் காலில் ஷூவோடு நின்று அழுதான்.