ஸ்டெல்லா மேடத்தின் பெட்டி

விக்கிரவாண்டியில் ஓர் ஓட்டலின் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்டெல்லா மேடத்தின் தம்பி பேசினார்.

“அக்கா போயிட்டாங்க சேகர். காலைலதான்.”

சரி என்றேன். பேரிங் மாற்றி, தொட்டியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த பிறகே திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். ஏன் உடனே கிளம்பவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

1993-இல் மேடம் திண்டிவனத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை தொடங்கியபோது, மோட்டாருக்குள் செப்புக்கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டத் தெரிந்தவன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். மின்பொறியியல் படித்த பெண்ணை எங்கள் பக்கம் அதுவரை யாரும் பார்த்ததில்லை. “சாரு எப்ப வருவாரு?” என்று அவரிடமே கேட்பார்கள். “நான்தாங்க சாரு, சொல்லுங்க” என்பார். அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும்.

அந்த ஆண்டு மழை ஓய்ந்த சமயத்தில் மேல்சித்தாமூர் பக்கம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ஒரு பெண் ஈரக்கையோடு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டு இறந்துபோனார். மேடம் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு ஒயர் தேய்ந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. மறுநாளே வேலையைத் தொடங்கினார். மின்சாரம் கசிந்த கணத்தில் தானே இணைப்பைத் துண்டிக்கும் பெட்டி உருவாகப் பல மாதங்கள் பிடித்தன.

அதை முதலில் அந்தப் பெண்ணின் கணவருடைய கிணற்றில் பொருத்தினோம். அவர் கிட்டே வரவில்லை.

“இத்த நம்பி எப்டிம்மா கை வைக்கிறது?”

மேடம் வேண்டுமென்றே ஒயரை இரும்பில் உரசவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

“வேணாம் மேடம்,” என்றேன்.

“நம்மளே தொடலன்னா அவரு எப்படித் தொடுவாரு?”

சேற்றில் நின்று ஈரக்கையை வைத்தார். மோட்டார் நின்றது. அவர் நின்றுகொண்டிருந்தார்.

சில ஆண்டுகள் கழித்து, கடலோரத்தில் உள்ள பொம்மையார்பாளையத்தில் ஒரு பெட்டி இயங்காமல் போனது. உப்புக்காற்றில் உள்ளே துருப்பிடித்துவிட்டது. தோட்ட வேலைக்காரர் ஒருவருக்கு விரல்கள் வெந்தன. விற்ற எல்லாப் பெட்டிகளையும் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்றார் மேடம்.

“ஒண்ணுக்காக எல்லாத்தையும் கழட்டணுமா? மத்ததெல்லாம் நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது,” என்று சண்டை போட்டேன்.

“ஓடுது சேகர். கரண்ட் கசிஞ்சா நிக்குமான்னுதான் தெரியல.”

ஊர் ஊராகப் போய்க் கழற்றினோம். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். மேடம் எல்லோரிடமும் தவறு தன்னுடையது என்றார். பிறகு செய்த பெட்டியில் துரு ஏறவில்லை. அதில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் மோட்டார் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் பெட்டியைத் தொடக்கூடாது. படிக்காதவர்களும் தினமும் அழுத்திப் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அதனால் பிழைத்தார்கள் என்று யாருக்கும் தெரிய வழியில்லை.

திண்டிவனத்தில் மேடத்தின் வீட்டுக்கு நான் போனபோது கூடத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. என் கை தானாகத் திரும்பி, புறங்கையால் மேடத்தின் நெற்றியைத் தொட்டது. மின்சாரம் இருக்கிறதா என்று தெரியாத எதையும் புறங்கையால்தான் தொட வேண்டும், உள்ளங்கை பட்டால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது பட்டறையில் அவர் வைத்த சட்டம். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பழக்கம்தான்.

நெற்றி குளிர்ந்திருந்தது.