காசு போடாத நேரத்து ஆட்டம்

1. அக்காவின் கணவரும் மகனும் தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியா போனார்கள். அக்காவுக்கு மட்டும் பாஸ்போட் வரவில்லை. அவள் பின்னால் வரலாம் என்றார்கள்.
2. அதற்குள் நாட்டில் சண்டை மூண்டு கப்பல் போக்குவரத்தே நின்றுவிட்டது.
3. இன்னும் கொஞ்சம் அலைந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று தோட்டத்து லய வீடுகளில் ஆளுக்கு ஆள் அக்காவிடம் சொன்னார்கள்.
4. ஹட்டனில் நான் ரேடியோ திருத்தும் கடைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் ஒரு வீடியோ கேம் பெட்டி வந்து இறங்கியது. தேநீர்க்கடை முதலாளியை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வட்டகொடையிலிருந்து ரயிலில் வந்து அந்தப் பெட்டியின் முன் நிற்பாள். ஆடமாட்டாள். யாரும் காசு போடாத நேரத்தில் பெட்டி தானே ஆடிக் காட்டும். ஒரு சின்ன மனிதன் ஏணிகளில் ஏறுவான், மூன்றாவது ஏணியில் விழுவான், மறுபடி கீழிருந்து தொடங்குவான்.

"அவன் எப்பவும் அங்கதான் விழுவான் அக்கா. உள்ள அப்படித்தான் எழுதி வச்சிருக்கு."

"தெரியும். நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

ஆடுகிறவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, அடுத்த ஏணியைத்தான் பார்க்கிறார்கள். விழுந்தால் பெட்டியை அடிக்கிறார்கள். பின்னணியின் நீலத்தையும், விழும்போது அவன் கால்கள் விரிவதையும் அக்கா ஒருத்திதான் பார்த்தாள். விளையாட்டின் அழகு ஆடுவதில் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா முன்னால் நிற்க, நான் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தேன். நானா வந்தார்.

"தங்கச்சி, ஒங்க அக்கா ஓசியில படம் பாக்குறாங்க. முன்னுக்கு நின்டா வேற ஆள் வருமா? அந்தத் தானா ஆடுறத நிப்பாட்ட ஏலாதா?"

ஏலும். உள்ளே மின்சுற்றுப் பலகையில் அதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது.

நானா அக்காவின் பக்கம் திரும்பி, "இந்தாங்க, நான் போடுறன் காசு. ஒருக்கா ஆடிப் பாருங்க" என்றார்.

"வேணாங்க நானா. நான் தொட்டா, விழுந்தது என்னாலன்னு ஆயிரும். இவன் சும்மா விழுறான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நானா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். நான் அவரிடம், நிறுத்த முடியும், ஆனால் நிறுத்தமாட்டேன் என்றேன்.

"அப்ப ஒரு பிளேன்டீயாவது குடிக்கச் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சுவிட்ச் இருந்தபடியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வருகிறாள், ஒரு பிளேன்டீ குடிக்கிறாள், பார்க்கிறாள். கப்பல் இன்னும் ஓடவில்லை.