நத்தைக்குப் போர்த்திய துண்டு

நகராட்சி நீர்ச் சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் நத்தையார். இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை: ஏரியில் நத்தை பொறுக்கி, குவளைக்கு ஒன்றாகத் தண்ணீரில் விட்டு, விளக்கடியில் வைப்பார். நத்தைக்குள் ஒட்டுண்ணி குடித்தனம் நடத்தினால், வெளிச்சம் பட்டதும் அதன் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கிவிடும். அவை தேடுவது வாத்தை. வாத்து கிடைக்காவிட்டால் குளிக்கிறவர் தோலில் புகுந்து, விலாசம் தப்பிய துக்கத்தில் அங்கேயே உயிரை விடும். சாவது அது, பத்து நாள் சொறிவது நாம்.

அதே ஏரியில் ஞாயிறன்று நீச்சல் போட்டி. நத்தையாரின் மனைவி, வயது நாற்பத்தெட்டு, ஆறு மாதப் பயிற்சி முடித்து, சிவப்புத் தொப்பியும் வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைச் சோதனையில் குஞ்சு தெரிந்தால் போட்டி இல்லை.

"என்னங்க, ஒண்ணு ரெண்டு இருந்தா பாக்காத மாதிரி இருந்துடுங்களேன்."

"பாக்கத்தாம்மா எனக்கு மைக்ராஸ்கோப் வாங்கிக் குடுத்திருக்காங்க."

வெள்ளி காலை அவர் அதிகாரியைப் பார்க்கப் போன சமயம், சாப்பாட்டுக் கூடையோடு அம்மையார் உள்ளே நுழைந்தார். விளக்கை அணைத்தார். நாற்பது குவளைகளையும் தன் கறுப்பு நீச்சல் துண்டால் மூடிவிட்டு, பரம சாதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். வெளிச்சம் இல்லையென்றால் குஞ்சு வராது. கல்யாணமான நாள் முதல் இதைக் கேட்டுக் காது புளித்திருந்தது. புளித்த காதில் மறுபாதி ஏறவில்லை: இருட்டில் அடைத்துவைத்துச் சட்டென்று வெளிச்சம் காட்டினால், மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் கிளம்பும்.

மதியம் திரும்பிய நத்தையார் துண்டை உருவி, விளக்கைப் போட்டார். கொஞ்ச நேரம்தான்.

"ஐயோ, ஒன்பது குவளை! திருவிழாக் கூட்டம்! இருபத்திரண்டு வருஷத்துல இப்படிப் பாத்ததே இல்ல. துண்டு போட்ட மகராசி யாரு?"

மகராசி துண்டைப் பிடுங்கிக்கொண்டார். "இவர் குதிக்கிறதைப் பாரு! என் போட்டி போச்சு."

"சும்மா ஒரு தடவை எட்டிப் பாரேன்."

வேண்டாவெறுப்பாக மைக்ராஸ்கோப் மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஐயே, வாலு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு! என்னமா நீந்துது! இதுக்கு யாருங்க பயிற்சி குடுத்தா?"

நத்தையார் 'ஏரியில் இறங்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டி ஒரு மாதம் தள்ளி, நகராட்சி நீச்சல்குளத்துக்கு மாறியது. அங்கே சிவப்புத் தொப்பி ஒன்று இரண்டு கால்களையும் அகல விரித்து, சுற்றியிருப்பவர் மூக்கிலெல்லாம் தண்ணீர் ஏற உதைத்துப் பழகுகிறது.

"இந்த உதை எங்க கத்துக்கிட்டீங்கக்கா?" என்று கேட்டவளுக்குப் பதில் வந்தது:

"எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல."