தேதி வாங்காமல் போன ஜாஃபர்

தேனாம்பேட்டை சிக்னலில் நின்றிருந்தபோது ஜாஃபரின் தம்பி போன் செய்தார். "அண்ணன் போய்ட்டாருண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிச்சு." பின்னால் ஹாரன் அடித்தவர்களையெல்லாம் திட்டினேன். உண்மையில் எனக்குத் திட்டவேண்டியிருந்தது ஜாஃபரைத்தான்.

சைதாப்பேட்டைக்காரரான ஜாஃபர் எங்கள் அலுவலகத்தில் புரோகிராமர். கிளினிக்குகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. நோயாளி அடுத்து வரவேண்டிய தேதி நெருங்கினாலோ தாண்டினாலோ, அவரை அழைக்கும்படி அது கிளினிக்குக்கு நினைவூட்டும்.

அவர் சேர்ந்த புதிதில், காலில் சர்க்கரைப் புண்ணோடு ஒரு ஆட்டோக்காரர் அடையாறு கிளினிக்குக்கு வந்து சத்தம் போட்டார். "எல்லாருக்கும் போன் பண்றீங்க, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு பண்ல?" அவருக்கு அடுத்த தேதியை யாரும் பதியவே இல்லை. காலியான தேதியை இன்றைய தேதியோடு ஒப்பிட்டால், கணினிக்கு அது முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மனிதர் இரண்டு பக்கமும் சேராமல் விடுபட்டுப் போயிருந்தார்.

மேனேஜர் சுலபமான வழி சொன்னார். காலியாக இருக்கும் இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு பழைய தேதியைப் போட்டுவிடலாமாம். ஜாஃபர் தலைபாடாய் அடித்துக்கொண்டும் கேட்காமல் போட்டார்கள். தேதியே வாங்காதவர்களுக்கெல்லாம் 'நீங்கள் வரத் தவறிவிட்டீர்கள்' என்று செய்தி போனது. கிளினிக் போன் அன்று முழுக்க ஓயவில்லை.

"இல்லாத தேதிய இருக்குன்னு பொய் சொல்லாத மச்சி. காலியா கீதான்னு மொதல்ல கேளு. தேதி கீதுன்னா, அப்பால இன்னிக்கி தேதிக்கு அது முன்னயா பின்னயான்னு பாரு" என்றார் ஜாஃபர். எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அதை புரோகிராமில் ஒரே இடத்தில் எழுதியும் வைத்தார். தேதி இல்லாதவர்கள் தனியாக, திரையின் உச்சியில் வந்து நின்றார்கள். அதன் பிறகு யாராவது தன் இஷ்டத்துக்குத் தேதிகளை ஒப்பிட்டு எழுதினால் தொலைந்தார்கள், திருத்தும்வரை விடமாட்டார். எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நோயாளியும் விடுபடவில்லை.

இப்படிப்பட்டவர், இந்த வருடம் அடிக்கடி மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். "டாக்டர்கிட்ட எப்போ?" என்று கேட்பேன்.

"புது வெர்ஷன் ரிலீஸ் முடியட்டும் நைனா, தேதி வாங்கிக்கலாம்."

அடுத்த ரிலீசுக்கும் அதே பதில்தான். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கத்தினேன். "ஊருக்கெல்லாம் காலியா இருக்கான்னு மொதல்ல கேக்கச் சொல்ற. உன்னோடது காலியா இருக்கே, அதை யார் கேக்கறது?"

"புரோகிராம் டெஸ்ட் ஓடிக்கினு கீது, அப்பால திட்டு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் வேலையாக அடையாறு கிளினிக்குக்குப் போனேன். திரையின் உச்சியில் இருந்த பெயரைப் பார்த்து நர்ஸ் போனில் பேசிக்கொண்டிருந்தார். "சார், நீங்க இன்னும் தேதி வாங்கலியே. எப்போ வர்றீங்க?" அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, சிரித்தபடி ஒரு நாளைப் பதிந்தார். உச்சியிலிருந்து அந்தப் பெயர் மறைந்தது.

யாரோ ஒருவர் பதில் சொல்லிவிட்டார், ஜாஃபர். நீயும் சொல்லியிருக்கலாம். கோபத்தோடுதான் வழியனுப்புகிறேன், போய் வா.